சுவரழகு பாத்ரூமும் ஒரு மூலைத் தண்ணீரும்

பாபநாசத்தில் நாத்தனார் வீட்டில் பாத்ரூமை இடித்துப் புதிதாகச் செய்யப் போகிறார்கள். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் குழாய்ப் படங்களாக வந்து விழுகின்றன. "அண்ணி, உங்க வீட்டுல போட்டிருக்கீங்களே, அது எந்தக் கம்பெனி? நல்லா உழைக்குதா?" உழைக்கிறது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, உள்ளே திறந்து மூடுகிற ஸ்பிண்டில் உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். குழாயைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொல்ல வேண்டியது தரையைப் பற்றி. போன மாதம்தான் நாலு டைல்ஸைப் பெயர்த்து ரிப்பேர் செய்தோம், எனக்கு இன்னும் சூடு ஆறவில்லை.

எங்களுடையது மன்னார்குடியில் பழைய வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பாத்ரூமுக்கு மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொல்லைக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் மேலே கான்கிரீட் போட்டு, உள்ளேயும் மொத்தமாக மாற்றினோம். எட்டடிக்கு ஐந்தடி அறை. ஏழடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ், தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ், வெஸ்டர்ன் கமோடு, 15 லிட்டர் கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன், உளுத்துப்போன மரக்கதவுக்குப் பதிலாக பிவிசி கதவு. எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

மன்னார்குடிக்கு மதிலழகு என்பார்கள். எங்கள் பாத்ரூமுக்கும் சுவர்தான் அழகு. மேஸ்திரி ஒட்டிய டைல்ஸில் ஒரு கோடு பிசகவில்லை. எதைத் தட்டினாலும் உள்ளே காலி என்கிற சத்தம் வராது. ஜன்னலோரத் துண்டுகளைக்கூட ஓரம் பிசிறாமல் வெட்டி வைத்திருக்கிறார். இத்தனை வருட மழைக்கும் ஈரத்துக்கும் ஒன்றுகூட விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் நம்பரைக் கேட்கிறார்கள். கொடுக்கிறேன். கொடுக்கும்போது தரையைப் பற்றியும் சொல்கிறேன். அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

தண்ணீர் வடிகிற நானி டிராப் கமோடுக்குப் பக்கத்தில் உள்சுவர் ஓரம் இருக்கிறது. கதவு அதற்கு எதிர்ப்பக்கம். குளிக்கிற தண்ணீரில் முக்கால்வாசி ஒழுங்காக டிராப்புக்குப் போகும். மிச்சம் கதவோர மூலைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆழமெல்லாம் இல்லை, கால் விரல் நகம் நனைகிற அளவுதான். ஆனால் பாத்ரூமுக்குள் போகும் ஒவ்வொருவரின் முதல் அடியும் அதில்தான். அந்த ஈரக்காலோடு கூடத்துக்கு வந்து, அங்கே இருக்கும் வழவழப்பான டைல்ஸில் நடப்பார்கள். வைப்பரை எடுத்துத் தள்ளுவது யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசி ஆள் குளித்து முடித்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு தடவை.

வேலை நடந்தபோதே கேட்டேன். மேஸ்திரி ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினார். "பாருங்கம்மா, குமிழ் நடுவுல நிக்குது. துளி ஏத்த இறக்கம் கிடையாது." கூடத்தில் அப்படிச் சொன்னால் பெருமை. பாத்ரூமில் குமிழ் நடுவில் நின்றால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? என் மாமனார் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டி வயலின் கடைக்கோடி வரைக்கும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மேடு எது, பள்ளம் எது என்று பார்த்தே சொல்கிற ஆட்கள் நிறைந்த ஊர் இது. இந்த ஊரில் ஆறடித் தரைக்கு வாட்டம், அதாவது சாய்வு, கொடுக்க ஆள் இல்லை!

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. அடிக்குக் கால் அங்குலம் இறங்கினால் தண்ணீர் நிற்காது. எங்கள் கதவிலிருந்து டிராப்புக்கு ஆறடி, அப்படியானால் ஒன்றரை அங்குல இறக்கம். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கஞ்சத்தனமாகப் போட்டாலும் முக்கால் அங்குலமாவது வேண்டும். அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் பழைய பைப் லைனை அப்படியே விட்டு அதன் மேலேயே டிராப்பை உட்கார வைத்துவிட்டார்கள். அதன் வாய் உயர்ந்துவிட்டது. கதவு நிலையோ பழைய உயரத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தரை எங்கே இறங்கும்? அதனால் நாத்தனாருக்கு நான் சொல்வது: டைல்ஸ் ஒட்டுகிற அன்றைக்கு நின்று கத்திப் பிரயோஜனமில்லை. பிளம்பர் டிராப் வைக்கிற அன்றைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள். அப்புறம், ஷோரூமில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸைத் தரைக்குப் போடச் சொல்வார்கள், கோடு குறைவாகத் தெரியும் என்று. நாலு பக்கமிருந்தும் ஒரே புள்ளிக்கு இறங்க வேண்டிய தரையில் அவ்வளவு பெரிய டைல்ஸைக் குறுக்கே வெட்டாமல் சாய்க்க முடியாது. ஓரடி டைல்ஸே போதும்.

தேங்கிய தண்ணீர் காய்ந்துவிட்டால் போயிற்று என்று விடவும் முடியவில்லை. எங்கள் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இறைக்கும்போது கண்ணாடியாகத்தான் வரும். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் பழுப்பாகும். மூலையில் அது தினமும் காய்ந்து காய்ந்து தேசப்படம் போட்டு வைத்தது. பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும், இரும்புக் கறைக்கு அது ஆகாது. கடையில் விற்கிற பாத்ரூம் ஆசிட் கறையை எடுக்கும், கூடவே டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கிரவுட்டையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மட்டும் யாரும் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும். சிட்ரிக் ஆசிட் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிச் சற்று ஊறவிட்டுத் தேய்ப்பதுதான் எனக்கு ஒத்து வருகிறது. அதையும் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். ஷவரில் உப்படைத்தாலும் இதுவேதான். ஷவரைப் பையனைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பது வேறு விஷயம். இது வாளியும் சொம்பும் ஆளுகிற வீடு.

கிரவுட் என்றதும் இன்னொன்று. வெள்ளை கிரவுட் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள் இருக்கிற வீட்டில் அது முதல் வாரத்திலேயே வெள்ளையாக இருக்காது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதல்லவா, புதுச் சிமெண்டிலும் அந்தக் காரம் உண்டு. எங்கள் வீட்டில் குளிக்கிற இடத்துச் சுவரோரம் முழுக்கச் செம்மஞ்சள் கோடு. வெயில் படுகிற ஜன்னல் பக்கம் மட்டும் தானாக வெளுத்துவிட்டது. சாம்பல் நிற எபாக்ஸி கிரவுட் விலை கூடத்தான், ஆனால் ஆசிட்டுக்கும் மஞ்சளுக்கும் அசையாது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமியார் கோபித்துக்கொள்வார். குளிக்கிற மூலையில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டி மேலே ஒரு கடப்பா கல்லைப் பதித்திருக்கிறோம். அந்தத் திண்டு மொத்தச் செலவில் ஒரு ஓரம்கூட வராது. மூட்டு வலிக்காரருக்கு அதுதான் சிம்மாசனம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் எழுந்து வர மனசே வராது. சீயக்காய்க் கிண்ணம், வெந்நீர் அண்டா எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். கமோடு பக்கத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடியும் செங்கல்வரை துளைபோட்டு முடுக்கியிருக்கிறோம். டவல் ராடைப் பிடித்து எழுந்தால் ராடும் கூட வந்துவிடும், அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. மின்சாரம் கசிந்தால் உடனே கரண்டை நிறுத்திவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியைக் கீசர் லைனுக்கு வைத்ததில் எனக்கு நிம்மதி.

நாத்தனார் வீட்டுக்காரர் 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததைச் சொல்லி, செலவு இறங்கும் என்கிறார். பாத்ரூமுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போகும்? காசு போவது டைல்ஸுக்கும் பீங்கானுக்கும் கூலிக்கும்தான்.

சரி, ரிப்பேர் கதை. இந்த முறை வந்தவர் வேறு ஆள். டிராப்பை இறக்க வேண்டுமென்றால் மொத்தத் தரையையும் உடைக்க வேண்டும் என்றார். அதனால் கதவோர மூலையை மட்டும் பெயர்த்து, கலவை போட்டு உயர்த்தி, டைல்ஸை முக்கோணமாக வெட்டிச் சாய்த்துப் பதித்தார். காய்வதற்கு முன் என்னை வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவரே ஊற்றிக் காட்டினார். ஓடியது! அடுத்த நாள் பார்த்தால் கதவு உரசுகிறது. தரை உயர்ந்துவிட்டதே. கதவின் அடிப்பக்கத்தை அறுத்தோம். டைல்ஸும் ஒரே டிசைன்தான், ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் ஷேட் நம்பர் வேறு. நாலு டைல்ஸ் மட்டும் லேசாக நீலம் பாய்ந்து தனியாகத் தெரிகிறது. பழைய வேலையில் மிஞ்சிய பெட்டியைக் கடைக்காரர் அன்றைக்கே திருப்பி எடுத்துக்கொண்டார். நீங்கள் ஒரு பெட்டியாவது பரணில் போட்டு வையுங்கள்.

தண்ணீர் இப்போது நிற்பதில்லை. பழைய டைல்ஸும் புது டைல்ஸும் சேருகிற இடத்தில் ஒரு கோடு மட்டும் ஈரமாக இருக்கிறது, வைப்பர் எட்டாத இடம். சுவர், திண்டு, கைப்பிடி, கதவு என்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மார்க் போடச் சொன்னால் பத்துக்கு நாலுதான் போடுவேன். என் வீட்டுக்காரர் எட்டு என்கிறார், அவர் வைப்பரைத் தொட்டதில்லை. மாமியார் பத்துக்குப் பத்து என்கிறார். கடப்பா கல்லில் உட்கார்ந்துகொண்டு கொடுக்கிற மார்க்கை நான் கணக்கில் சேர்க்கவில்லை.