செஸ் புத்தகங்கள்: பக்க ஓரம் எதுவரை கறுத்திருக்கிறது?

எங்கள் வீட்டு அலமாரியில் செஸ் புத்தகம் மட்டும் பதினொன்று இருக்கிறது. ஏழு வருடமாகச் சேர்ந்தவை. போன வாரம் தூசி தட்டும்போதுதான் கவனித்தேன், விரல் பட்டுப் பட்டுக் கடைசிப் பக்கம்வரை ஓரம் கறுத்திருப்பது இரண்டே இரண்டில். மற்றதில் பெரும்பாலானவை முதல் நாற்பது பக்கத்தோடு சரி, அப்புறம் வெள்ளை வெளேர். அந்தக் கறுப்பை வைத்தே இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையில். வீட்டில் தமிழ், தெருவில் பாதி மலையாளம். மகள் ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் பையனோடு ஆட உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அழுதுகொண்டே வந்துவிட்டாள்.

“அப்பா, அவன் ஆனையைக் கோணலா நகர்த்தறான்!”

அவன்மேல் தப்பில்லை. நம் யானை மூலையில் நின்று நேராகப் போவது. மலையாளத்தில் அதற்குத் தேர் என்று பெயர். அவர்களுடைய ஆனை கோணலாகப் போகிற நம் மந்திரி, அவர்களுடைய மந்திரி நம் ராணி. ஆளாளுக்குச் சொல்வது சரிதான், ஆட்டம்தான் நடக்காது. அதனால் சொல் குறைவாகவும் படம் நிறையவும் இருக்கிற புத்தகமாகத் தேடினேன்.

கிடைத்தது 1966-இல் வெளியான ‘பாபி ஃபிஷர் டீச்சஸ் செஸ்’. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு கேள்வி. தாளைத் திருப்பினால் விடை. வலப்பக்கமாகவே கடைசிவரை போய், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. அரைகுறை இங்கிலீஷ் போதும், இரண்டு பேரும் சேர்ந்தே முடித்தார்கள். குறை என்னவென்றால், கடைசி வரிசையில் ராஜாவை மாட்டவைப்பதையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று தெரிந்துகொள்ள வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

கறுத்ததில் இரண்டாவது, இர்விங் செர்னேவின் ‘லாஜிக்கல் செஸ்’. 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம். ஆனால் இதில் நான் ஒருமுறை சறுக்கினேன். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வந்தேன். திறந்தால் ‘பி-கே4’ என்று பழைய குறியீடு, அதாவது ராஜாவுக்கு நேரே நான்காம் கட்டத்துக்குச் சிப்பாய். அதில் ஆடுகிறவர் தன் பக்கத்திலிருந்து வரிசையை எண்ணுவார். இன்றைய குறியீட்டில் ஈ4, ஈ5 என்று தனித்தனிப் பெயருள்ள கட்டங்களில், வெள்ளையின் ஈ4-க்கும் கறுப்பின் ஈ5-க்கும் அதில் ஒரே பெயர். இரண்டாவது ஆட்டத்திலேயே மகள் மூடிவைத்துவிட்டாள். புதிய குறியீட்டில் வந்த பதிப்பை மறுபடி வாங்கினேன். ஜெயித்தவர் செய்ததெல்லாம் சரி என்கிற தொனி கொஞ்சம் உறுத்தும், மற்றபடி கதை மாதிரி போகும்.

இன்னொரு ஏமாற்றம், பழைய உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவின் 1921-ஆம் ஆண்டுப் புத்தகம். ஆன்லைனில் யாரோ போட்ட மலிவு மறுபதிப்பு. கறுப்புக் கட்டமும் கறுப்புக் காயும் ஒரே மையில் அப்பிக் கிடந்தன. உள்பக்கப் படம் ஒன்றையாவது பார்க்காமல் வாங்காதீர்கள்.

லாஸ்லோ போல்கரின் 5334 கணக்குகள் அடங்கிய தொகுப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல். கோயம்புத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்தால் அரிசிச் சிப்பம். தினமும் ஒரு பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போவேன். ஒரே நகர்த்தலில் மேட் செய்யும், அதாவது ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மாட்டவைக்கும், முதல் 306 கணக்கோடு எங்கள் வீட்டுக் கறுப்பு நின்றுவிட்டது. அதற்கே காசு செரித்துவிட்டது என்பேன்.

நிம்சோவிச்சின் ‘மை சிஸ்டம்’ (1925) மூன்று தரம் தொடங்கியும் எனக்கு ஏறவில்லை. சிசிலியன் தொடக்கத்துக்கென்று வாங்கிய தடிப் புத்தகத்தைப் பற்றி மனைவியிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். தொடக்கங்களுக்கு லிசெஸ் என்கிற செஸ் இணையதளம் இலவசமாகவே போதும்.

என் அளவுகோல் தோற்றுப்போனது ஜெரமி சில்மனின் எண்ட் கேம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) புத்தகத்தில். பாதிவரைதான் கறுப்பு, ஆனால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். ரேட்டிங் (ஆடுகிறவரின் திறனைக் காட்டும் எண்) வாரியாகப் பிரித்திருக்கிறார், உங்கள் படி வந்ததும் மூடிவைத்துவிட்டுப் போய் ஆடலாம். போன வருடம் பாலக்காட்டில் ஒரு போட்டி. மகளுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆளுக்கொரு யானை மிச்சம். அவள் ராஜா எதிரியின் சிப்பாய்க்கு முன்னால் நிற்க, யானையைத் தன் மூன்றாம் வரிசையில் நிறுத்தி எதிர் ராஜாவை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டாள். சிப்பாய் அந்த வரிசையில் கால் வைத்ததுதான் தாமதம், யானையை எதிர்க்கோடிக்கு ஓட்டிப் பின்னாலிருந்து செக், செக், செக். பிலிடோர் நிலை என்று பெயர். டிரா. அரைப் புள்ளி.

அப்புறம் அந்தப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் இரவல் வாங்கிப் போனான். திரும்பி வந்தபோது பார்த்தேன், பிலிடோர் பக்கத்தில் இவள் ‘யானை’ என்று எழுதிவைத்திருந்ததற்குக் கீழே, பென்சிலில், மலையாள எழுத்தில் ‘தேர்’.