ஹீட்டர் ராடா, கீசரா? வாடகை வீட்டுக் குளியலறைக்கு ஓர் ஒப்பீடு

வெந்நீருக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் பேச்சு உடனே கரன்ட் பில்லுக்குத்தான் போகிறது. ராடுதான் கரன்ட்டை இழுக்கும் என்பார் ஒருவர், கீசர் வைத்ததிலிருந்து பில் ஏறிவிட்டது என்பார் இன்னொருவர். அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பிறகு பேச அதைவிட முக்கியமானது இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். எந்தக் கருவி வந்தாலும் இது குறையாது. மார்கழிக் காலையில் சென்னை மாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் பக்கெட்டை, குளிக்க இதமான 42 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.3 யூனிட் ஆகும். நான்கு பேர் தினமும் குளித்தால் இரண்டு மாத பில்லில் 72 யூனிட். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் பக்கெட்டுக்கு 0.47 யூனிட் வரும். ராடு, ஓடும் தண்ணீரை அப்படியே சுட வைக்கும் இன்ஸ்டன்ட் கீசர், தொட்டியில் சேர்த்துச் சுட வைக்கும் ஸ்டோரேஜ் கீசர் மூன்றுக்கும் இந்த அடிப்படைச் செலவு ஒன்றுதான். 3000 வாட் என்று பெட்டியில் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1500 வாட் கருவி எடுக்கும் நேரத்தில் பாதியிலேயே அது வேலையை முடித்துவிடும்.

வித்தியாசம் வீணாவதில் வருகிறது. ஸ்டோரேஜ் கீசரின் சுவிட்சை நாள் முழுக்கப் போட்டு வைத்தால், யாரும் குளிக்காதபோதும் தொட்டியின் சூடு மெல்ல வெளியே போய்க்கொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட மறுபடி மறுபடி கரன்ட் ஓடும். ஸ்டார் குறி இந்த இழப்பைத்தான் அளக்கிறது. குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, வெந்நீர் பிடித்ததும் அணைத்துவிடும் வீட்டில் இது பெரிய விஷயமே இல்லை. தமிழ்நாட்டில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், 500 தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் என்பதால், எல்லைக்கோட்டில் நிற்கும் வீடுகள் மட்டும் இந்த 72 யூனிட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். 1500 வாட் ராடு அந்தப் பக்கெட்டை 12 நிமிடத்தில் சுட வைக்கும், 1000 வாட் ராடுக்கு 18 நிமிடம். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசரில் நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் வீதம் பிடித்தால் ஆறு நிமிடத்தில் பக்கெட் நிறையும். குழாயை அதற்குமேல் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், அது கீசரின் குறை இல்லை. மலைப் பகுதிகளில் இதே கீசர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் சொச்சம்தான் தரும். அங்கே 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ்தான் பொருத்தம். 15 லிட்டர், 2000 வாட் கீசர் தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்குக் கொண்டுவர 18 நிமிடம் போதும், அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் சென்னையில் இரண்டு பேர் குளிக்கலாம். வோல்டேஜ் குறைந்தால் எல்லாக் கணக்கும் நீளும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் 1500 வாட் ராடு சுமார் 920 வாட்தான் தரும். ராடு பழுதாகிவிட்டது என்று பலர் நினைப்பது இந்த நாட்களில்தான்.

கேஸ் அடுப்பையும் கணக்கில் சேர்ப்பது நியாயம். அதே பக்கெட்டுக்கு அடுப்பில் சுமார் 35 கிராம் கேஸ் ஆகும், அதாவது ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் 400 பக்கெட். சிலிண்டர் 900 ரூபாய் என்று கொண்டால் பக்கெட்டுக்கு இரண்டே கால் ரூபாய். கரன்ட்டோடு பெரிய தூரமில்லை. ஆனால் கொதிக்கும் அண்டாவைச் சமையலறையிலிருந்து குளியலறை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும், வழியில் குழந்தை ஓடி வரும். செலவு ஒத்துப்போனாலும் அந்த நடைக்காகவே இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டுவது அதைவிட மோசம். கதவடைத்த சின்ன அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சோலார் நல்லதுதான், ஆனால் மொட்டைமாடி உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஆக, வாடகை வீட்டுக்காரர்களுக்குப் போட்டி ராடுக்கும் கீசருக்கும்தான். விலையில் ராடு எங்கேயோ முன்னால் நிற்கிறது. சில நூறு ரூபாய்தான். சுவரில் துளை போட ஓனரிடம் கேட்க வேண்டாம், பிளம்பர் வேண்டாம், வீடு மாறும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம். கீசருக்கு ஆயிரக்கணக்கில் செலவு, மாட்டுக்கூலி தனி, கழற்றி மாட்டினால் மறுபடியும் கூலி. இவ்வளவு சாதகம் இருந்தும் ராடைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காரணம் அதன் உள்ளே இருக்கிறது.

ராடு என்பது ஒரு செம்புக் குழாய். நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள். இரண்டும் தொடாமல் இருக்க இடையில் மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தத் தூள் சூட்டைக் கடத்தும், கரன்ட்டைக் கடத்தாது. குழாயில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலோ, கைப்பிடியின் அடியில் உள்ள அடைப்பு இளகினாலோ ஈரம் உள்ளே போகும். ஈரமான தூள் காப்பாக இருக்காது. கரன்ட் குழாய்க்கும் தண்ணீருக்கும் கசியத் தொடங்கும். எர்த் (கசியும் கரன்ட்டை மண்ணுக்கு இறக்கும் ஒயர்) சரியாக இருந்தால் கசிவு அந்த வழியாக இறங்கிவிடும். எர்த் இல்லாத வீட்டில், பிளாஸ்டிக் பக்கெட் கரன்ட்டைத் தரைக்கு விடாது என்பதால், வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் தண்ணீர் மின்சாரத்தோடு நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, சூடு வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பவரின் உடம்புதான் அதற்குக் கிடைக்கும் முதல் வழி. எவர்சில்வர் பக்கெட் என்றால் தண்ணீரைத் தொடக்கூட வேண்டாம், பக்கெட்டைத் தொட்டாலே போதும்.

இந்த இடத்தில் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் மெயின் பாக்ஸ் சுவிட்ச்) காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அது 6 அல்லது 16 ஆம்பியரைத் தாண்டினால் விழுவதற்காக இருப்பது. மனித உடலுக்கு 30 மில்லி ஆம்பியரே ஆபத்து. போகிற கரன்ட்டையும் திரும்புகிற கரன்ட்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். மெயின் பாக்ஸில் ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கரன்ட் நிற்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாத வீட்டில் ராடு வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, ஆர்சிசிபி மாட்டச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் ராடின் விலையோடு சேர்த்துத்தான் கீசரோடு ஒப்பிட வேண்டும்.

கீசருக்குள்ளும் இதே மாதிரி குழாய்ச் சுருள்தான், எர்த் இல்லாவிட்டால் அதுவும் ஷாக் அடிக்கும். ஆனால் நீங்கள் கை விடும் பாத்திரத்துக்குள் அது இருப்பதில்லை. குறித்த சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்தும், அது பழுதானால் கட்-அவுட் நிறுத்தும், அழுத்தம் ஏறினால் வால்வு திறக்கும். சாதாரண ராடில் நிறுத்தும் வேலை முழுக்க உங்களுடையது. ராடைப் போட்டுவிட்டு போன் பேசப் போனால் ஐம்பது நிமிடத்தில் பக்கெட் கொதிக்கும், அப்புறம் மணிக்குச் சுமார் இரண்டு லிட்டர் ஆவியாகும், தண்ணீர் குறைந்து குழாய் காற்றில் தெரிய ஆரம்பித்தால் பிளாஸ்டிக் உருகும்.

நம்மூரில் இன்னொரு வழியிலும் இது நடக்கிறது. பாதியில் கரன்ட் போகிறது. இருக்கிற வெந்நீர் போதும் என்று ராடை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சுவிட்சை அணைக்க மறந்து, குளித்து வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பத்து மணிக்குக் கரன்ட் வரும்போது அலமாரியில் கிடக்கும் ராடு பழுக்கக் காய்கிறது, பக்கத்தில் துணி.

அதனால் சுவிட்சை நம்ப வேண்டாம், பிளக்கையே பிடுங்குங்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச், கரன்ட் வரும் பேஸ் ஒயரில் இல்லாமல், அது திரும்பும் நியூட்ரல் ஒயரில் இருப்பது உண்டு. அங்கே சுவிட்சை அணைத்தாலும் ராடில் கரன்ட் இருக்கும். முறை இதுதான்: ராடு தண்ணீரில், குறியிட்ட அளவுக்கு மூழ்கியபின் பிளக், வேலை முடிந்ததும் சுவிட்ச், பிளக், கொஞ்சம் ஆறவிட்டு ராடு, கடைசியில்தான் கை. குளியலறைக்குள் வைக்காமல் வெளியே உலர்ந்த தரையில் வைத்துச் சுட வைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் பக்கெட்டை உள்ளே கொண்டுபோங்கள்.

பாயின்ட் விஷயமும் பார்க்க வேண்டும். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். சின்ன பின் சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருக உதவும் கன்வர்ஷன் பிளக்கும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ராடுக்கு ஆகாது. கருகின வாசனை வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். வீட்டில் 6 ஆம்பியர் பாயின்ட் மட்டும் இருந்தால் 1000 வாட் ராடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட்டும் தனி ஒயரும் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரில் இரண்டுமே ஓடாது.

போர் தண்ணீர் உள்ள ஊர்களில் இரண்டுக்கும் வெள்ளை உப்பு படியும். ராடில் அது கண்ணுக்குத் தெரியும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த தண்ணீரில் குழாய்ப் பகுதியை மட்டும் ஊற வைத்துத் துடைத்தால் போகும். சுரண்டாதீர்கள், விரிசலுக்கு அதுவே தொடக்கம். கீசரில் உள்ளே படிவதால் ஆள் வைத்துத்தான் கழுவ வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ராடு மேல்.

என் முடிவு இப்படி. தனியாகவோ இரண்டு பெரியவர்களாகவோ இருக்கும் வீடு, எர்த் சோதித்தாகிவிட்டது, ஆர்சிசிபி இருக்கிறது, ஒரு வருடத்தில் வீடு மாறலாம் என்றால் ராடு வாங்கலாம், தவறே இல்லை. தவழும் குழந்தையோ, மறதி வரும் வயதில் அப்பா அம்மாவோ வீட்டில் இருந்தால் ராடு வேண்டாம். ஓனரிடம் பேசி இன்ஸ்டன்ட் கீசர் மாட்டுங்கள். அனுமதி கிடைக்கும்வரை வெந்நீர் வைக்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் விடுங்கள். நான்கைந்து பேர் அடுத்தடுத்துக் குளிக்கும் வீட்டுக்கும் மலை ஊருக்கும் ஸ்டோரேஜ்.

ராடுதான் என்று தீர்மானித்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். ராடுக்கான தர எண் ஐ.எஸ். 368. மூன்று பின் பிளக், குறைந்தபட்ச நீர் அளவுக் குறி இரண்டையும் கடையிலேயே பாருங்கள். குழாய் மூடாமல் கம்பிச் சுருள் நேராகத் தண்ணீரில் படும்படி, இரண்டு பின்னோடு விற்கும் மலிவு ஹீட்டர்களைக் கையால் தொடாதீர்கள். பழைய ராடில் கொப்புளமோ, விரிசலோ, ஒயர் நைந்ததோ தெரிந்தால், ஆர்சிசிபி ஒருமுறை விழுந்தாலும்கூட, டேப் சுற்றி ஓட்டாமல் ஒயரைக் குறுக்கே வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் குப்பையில் போட்டால் வேறு யாராவது எடுத்துப் பிளக்கில் செருகிப் பார்ப்பார்கள்.