கழற்றிவிட்டுப் பூட்டுவதா, பூட்டிவிட்டுக் கழற்றுவதா?

பெங்களூரு அல்சூரில் நண்பர் நடத்தும் அச்சகத்தின் சர்வரில் நான்கு வட்டுகள் (ஹார்ட் டிஸ்க்), ஒவ்வொன்றும் 4 டெராபைட், ஒரு வட்டு போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்டுத் தரும் லினக்ஸ் ரெய்டு 5 முறையில் ஓடுகின்றன. பல வருடக் கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் அதில்தான். மூன்றாம் வட்டில் படிக்க முடியாத செக்டார்கள், அதாவது தரவு பதியும் சிறு பகுதிகள், ஏறிக்கொண்டே போயின. கணினிப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. சாலைக்குப் போய்ப் புது வட்டு வாங்கி வந்தோம். மாற்றுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன.

பலருக்கும் பழகிய வழி, ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் (mdadm) கட்டளையில் பழையதை 'ஃபெயில்' என்று குறித்து, 'ரிமூவ்' செய்து, கழற்றிய இடத்தில் புதியதைப் பூட்டி 'ஆட்' கொடுப்பது. கூடுதல் இணைப்பு எதுவும் வேண்டாம். ஆனால் ஃபெயில் கொடுத்ததுமே, ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (mdstat) கோப்பில், நல்ல வட்டுக்கு ஒன்றாக நிற்கும் நான்கு 'யூ' (U) எழுத்துகளில் ஒன்று மறைந்து அடிக்கோடு விழும். புது வட்டில் தரவை நிரப்பும் மறுகட்டமைப்பு முடியும்வரை ரெய்டு 5-க்குக் காப்பு கிடையாது. நொடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் மற்ற மூன்று வட்டுகளையும் தலை முதல் கால் வரை படித்தாக வேண்டும். ஒரே நாளில் வாங்கி ஒன்றாகத் தேய்ந்த வட்டுகள் அவை. அதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு வழி 'ரிப்ளேஸ்'. 2012-இல் வெளியான லினக்ஸின் மையநிரலான கர்னலின் 3.3 பதிப்பிலேயே இதற்கு ஆதரவு வந்துவிட்டது. புது வட்டை உதிரியாகச் சேர்த்து ரிப்ளேஸ் கொடுத்தால், பழைய வட்டு ரெய்டு அணியில் இருக்கும்போதே அதிலிருந்து நகல் ஓடும். படிக்க முடியாத பகுதியை மட்டும் மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும். நடுவில் புது வட்டு படுத்துவிட்டாலும் இருப்பது குலையாது. முடிந்ததும் பழையது தானாகவே பழுது என்று குறிக்கப்படும். இதற்கு ஐந்தாவதாக ஒரு சாட்டா (வட்டைப் பூட்டும் கேபிள்) இணைப்பும் மின்செருகியும் வேண்டும். அதற்காகக் கொஞ்சம் செலவானாலும் தயங்க வேண்டாம் என்பேன்.

வட்டு முழுதாகச் செத்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை, முதல் வழிதான். ரெய்டு 6 வைத்திருப்பவர்களுக்கு அதிலும் இன்னொரு வட்டின் காப்பு மிஞ்சும். எந்த வழியானாலும் முதலில் காப்புநகல் எடுத்துவிடுங்கள்.

நாங்கள் ரிப்ளேஸ்தான் செய்தோம். இரவு முழுக்க ஓடி, காலையில் நான்கு யூ-க்களும் நின்றன. லினக்ஸ் வட்டுக்கு வைக்கும் எஸ்டிசி (sdc) என்ற பெயரை மட்டும் நம்பி நான் வட்டைக் கழற்றுவதில்லை. மறுதொடக்கத்தில் அந்தப் பெயர் மாறக்கூடும். டார்ச் அடித்து ஒட்டுத்தாளைப் பார்த்த நண்பர், "கடைசி நான்கு எழுத்தைச் சொல்லுங்கள் அண்ணா" என்றார். திரையில் இருந்த சீரியல் எண்ணை இரண்டு முறை வாசித்தேன். சரியாக இருந்தது. அதன் பிறகே திருகைக் கழற்றினார்.