ஏபிஎல் கைனேஸ்: பூச்சிச் செல்லிலா, ஈ.கோலியிலா?

இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிபை ஒத்த சேர்மங்களைச் சோதிக்க, அது தடுக்கும் நொதியான மனித ஏபிஎல் கைனேஸின் (கைனேஸ் என்பது புரதங்கள்மீது பாஸ்பேட் ஏற்றும் நொதி) வினையூக்கப் பகுதி தேவைப்பட்டபோது, என் முன் இரண்டு வழிகள் இருந்தன: பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸ் மூலம் எஸ்எஃப்9 என்னும் பூச்சிச் செல்லில் உருவாக்கப்பட்ட புரதம் ஒன்று, யெர்சினியா பாக்டீரியாவின் யோப்ஹெச் என்னும் டைரோசின் பாஸ்பட்டேஸுடன் (டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதி) சேர்த்து ஈ.கோலி பாக்டீரியாவில் உருவாக்கும் புரதம் மற்றொன்று. முதலாவதில் தொடங்கிய நான் இரண்டாவதற்கு மாறினேன்.

செலவிலும் வேகத்திலும் ஈ.கோலி முந்தும் என்பது அனைவரும் அறிந்ததே. எனக்கு முடிவைத் தீர்மானித்தது பாஸ்பேட்.

கைனேஸ் தன்மீதே பாஸ்பேட் ஏற்றிக்கொள்ளும் இயல்புடையது. பூச்சிச் செல்லில் இது கட்டுப்பாடின்றி நடப்பதால், கிடைக்கும் புரதம் ஒரே பொருளாக இருப்பதில்லை. நாங்கள் ஒருமுறை தயாரித்த புரதத் தொகுதியை நிறைநிறமாலையில் (மூலக்கூறின் எடையை அளக்கும் முறை) பார்த்தபோது, ஒற்றைச் சிகரம் நிற்க வேண்டிய இடத்தில் 80 டால்டன் இடைவெளியில் படிக்கட்டுபோல் பல சிகரங்கள் நின்றன. ஒவ்வொரு படியும் ஒரு பாஸ்பேட். இமாட்டினிப் ஏபிஎல்லின் செயலற்ற வடிவத்தையே விரும்பிப் பற்றுகிறது. நொதியின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்டிவேஷன் லூப்பில் உள்ள 393ஆம் டைரோசினில் பாஸ்பேட் ஏறினால் அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே, தொகுதிக்குத் தொகுதி பாஸ்பேட்டின் அளவு மாறும்போது, மருந்து மாறாமலேயே அதன் ஐசி50 (நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) மாறிவிடுகிறது. ஏபிஎல்லைத் தடுக்கும் மற்றொரு மருந்தான டசாட்டினிப் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அதை மட்டும் ஒப்பீட்டுச் சேர்மமாக வைத்திருந்தவர் (நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்) புரதம் மாறியதையே கவனிக்க மாட்டார்.

ஈ.கோலியில் ஏபிஎல்லைத் தனியாக வெளிப்படுத்தினால் அது பாக்டீரியாவுக்கே நஞ்சாகிறது. கரையும் புரதமும் சொற்பமே. 2005இல் வெளியான, இரு புரதங்களையும் ஒரே செல்லில் உருவாக்கும் இணைவெளிப்பாட்டு முறையில் யோப்ஹெச் பாஸ்பேட்டை உடனுக்குடன் நீக்கிவிடுவதால், 18 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் வளர்த்த செல்களிலிருந்து பாஸ்பேட்டற்ற, சீரான புரதம் கிடைக்கிறது. பாஸ்பேட் ஏறிய வடிவம் தேவையெனில், பாஸ்பேட்டைத் தரும் ஏடிபியும் மெக்னீசியமும் சேர்த்து நாமே ஏற்றிக்கொள்ளலாம். எவ்வளவு ஏறியது என்பதையும் அதே சிகரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வழியிலும் ஒரு பொறி உண்டு. தூய்மையாக்கலில் யோப்ஹெச் சிறிதளவு தங்கிவிட்டாலும், சோதனை வினையில் கைனேஸ் பெப்டைடின்மீது (சிறு புரதத் துண்டு) ஏற்றும் பாஸ்பேட்டை அது தின்றுவிடும். கைனேஸ் சோம்பிக் கிடப்பதாகத் தோன்றும். என் முதல் தயாரிப்பில் இதுவே நடந்தது. டைரோசின் பாஸ்பட்டேஸைத் தடுக்கும் சோடியம் ஆர்த்தோவனடேட் சேர்த்ததும் செயல்பாடு உயர்ந்ததைக் கண்ட பிறகுதான், யோப்ஹெச்சைப் பிரிக்க, அயனிப் பரிமாற்ற நிரலில் உப்புச் செறிவை இன்னும் மெதுவாக உயர்த்தினேன்.

இவை யாவும் வினையூக்கப் பகுதியைக் கொண்டு மட்டும் சொல்பவை. முழுநீளப் புரதத்தை நான் கையாண்டதில்லை. பல களங்கள் கொண்ட பெரிய கைனேஸ்களுக்குப் பூச்சிச் செல்லே பொதுவாகப் பொருத்தமானது. டைரோசினில் அல்லாமல் செரின், திரியோனின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்களுக்கு யோப்ஹெச் உதவாது. அங்கே லாம்டா பாஸ்பட்டேஸை நாட வேண்டும்.

மீந்த பூச்சிச் செல் புரதத்தை வீணாக்கவில்லை. சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்து, டசாட்டினிப் வகைச் சேர்மங்களுக்கு மட்டும் எடுக்கிறேன்.