ஸ்ப்ளெண்டர் ஹெட் வேலை: 14 மாதம் ஓட்டிய பிறகு

சித்தி மகன் நேற்றும் கேட்டான்: "அண்ணா, நானும் வண்டிக்கு ஹெட் வேலை பண்ணிடவா?" வண்டி நன்றாக இழுக்க சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைச் சீவி, காற்று வழியைத் தேய்க்கும் வேலை அது. போன வாரம்தான் என் இன்ஜினை மறுபடி பிரித்துப் பூட்டினேன். அந்தக் கோபம் ஆறும் முன்னே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2011 மாடல் ஸ்ப்ளெண்டர் பைக், கார்ப்ரேட்டர் வண்டி, 97.2 சிசி. வியாசர்பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் ஹெட்டின் அடிமுகத்தை லேத்தில் அரை மில்லிமீட்டர் சீவினார்கள். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர் என்பதால் அது ஏறக்குறைய 1 சிசி இடம். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, முன்பு 9 என்று வைத்தால் இப்போது 9.7 பக்கம் வரும். அதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் வந்தது ஒரு சின்ன இடத்தில். கார்ப்ரேட்டரிலிருந்து வரும் குழாயான மேனிஃபோல்டும், ஹெட்டுக்குள் காற்று நுழையும் வழியான இன்லெட் போர்ட்டும் சேரும் இடத்தில் விரலை விட்டால் ஒரு படி தட்டும். உள்ளே போகிற காற்று அதில் மோதிச் சுழலும். அந்தப் படியை மட்டும் தேய்த்து வழியைச் சேர்த்தார் மெக்கானிக் அண்ணன். நான் பளபளவென்று பாலிஷ் கேட்டேன். "கண்ணாடி மாதிரி பண்ணக் கூடாது தம்பி, பெட்ரோல் காத்தோட கலக்காம சுவத்துலயே வழியும். சைலன்சர் பக்கம் வேணா பண்ணித் தரேன், கரி ஒட்டாது" என்றார். போர்ட்டை அகலமாகக் குடையவும் இல்லை. குடைந்திருந்தால் காற்றின் வேகம் குறைந்து, சிக்னலில் கிளம்பும்போதே வண்டி திணறியிருக்கும்.

பேசின் பிரிட்ஜ் பாலத்தில் மனைவியையும் மகளையும் வைத்துக்கொண்டு எப்போதும் மூன்றாவது கியருக்கு இறங்குவேன். வேலை முடித்த அன்று நாலிலேயே ஏறியது. இன்றுவரை ஏறுகிறது. அந்தக் கைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அதே பட்டறையில்தான் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினார்கள். "காத்து தாராளமா வரும்" என்றார்கள். வந்தது. காற்றுக்கேற்ற பெட்ரோல் போதாமல் பிளக் வெள்ளையாக வெளுத்தது, கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் ஏற்ற வேண்டியிருந்தது, 60 கொடுத்த மைலேஜ் 49-க்கு இறங்கியது. ஐந்து மணி ஷிப்டுக்குக் கிளம்பினால் இன்ஜின் உறிஞ்சும் சத்தத்தில் சந்தே விழிக்கும். கம்பெனிப் பெட்டி சீட்டுக்கு அடியில் உயரத்தில் காற்றை எடுக்கும். இதுவோ இன்ஜினுக்குப் பின்னால் திறந்து கிடக்கும். அதனால் மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் நான் சுற்றித்தான் போனேன். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

அதையெல்லாம் பொறுத்தேன். எண்ணூர் விரைவுச் சாலையின் தூசியைத்தான் பொறுக்க முடியவில்லை. டிரெய்லர்கள் கிளப்பும் புழுதியில் தினமும் போய் வருகிறேன். புகை வந்து பிரித்தபோது இன்லெட் போர்ட்டில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக அப்பியிருந்தது. பிஸ்டன் முழுக்கக் கோடு. சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, 0.25 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, 4,800 ரூபாய் போனது.

பெட்டியைத் திரும்ப மாட்டி, ஜெட்டையும் பழையபடி வைத்துவிட்டேன். கடைசி வேகத்தில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். பாலம் மட்டும் நாலில்தான்.

ஆனாலும் தம்பி, இன்றைக்குக் கேட்டால் ஹெட் வேலை வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. பழைய பிஸ்டனை எடுத்து வைத்திருக்கிறேன், அந்தக் கோடுகளை நகத்தால் தடவிப் பார்.