‘925’ குத்தியிருந்தது, உள்ளே பித்தளை

தீபாவளிக்கு முன்னால் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஹாலில் இரண்டு நாள் நகைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே 14,500 ரூபாய்க்கு ஒரு ஜோடி டிசைனர் தோடு வாங்கினேன். பாதி மடங்கின இலை மாதிரி வடிவம், ஓரத்தில் பொடிப்பொடியாக ஏழேழு கல். அம்சமான வேலை, அதை இப்போதும் மறுக்கமாட்டேன். "925 வெள்ளி மேடம், எல்லாம் இயற்கை வைரம், மொத்தம் 30 சென்ட்" என்றார் விற்றவர். 925 என்றால் 92.5 சதவீதம் வெள்ளி; நூறு சென்ட் ஒரு காரட். பின்பக்கம் 925 என்று குத்தியிருந்தது. வைரமா என்று பார்க்கும் பேனா மாதிரி டெஸ்டர் ஒன்றை என் கண்ணெதிரே கல்லில் வைத்தார், வைரம்தான் என்று பீப் அடித்தது. சரி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பணத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் ஆகவில்லை, காது அரிக்க ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் தண்டில் மஞ்சள். வெள்ளி கறுத்தால் விபூதி போட்டுத் தேய்த்தால் போய்விடும். இது தேய்க்கத் தேய்க்க இன்னும் மஞ்சளானது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். திருகாணியைக் கழற்றி, தண்டில் அரத்தால் இரண்டே இழுப்பு. "வெள்ளி எங்கம்மா இருக்கு? பித்தளை. மேல முலாம்" என்று கையில் கொடுத்தார். அராவின இடம் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது.

கல்லாவது மிஞ்சுமா என்று சௌகார்பேட்டையில் தெரிந்த கல் வியாபாரியிடம் காட்டினேன். அவரிடமிருந்த சாதாரண டெஸ்டரும் பீப்தான் அடித்தது. அப்புறம் இன்னொரு கருவியை எடுத்தார். மொய்சனைட் என்று தெரிந்தது; பார்க்க வைரம் மாதிரியே இருக்கும் வேறு கல். சாதாரண டெஸ்டர் கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டும் பார்க்குமாம். மொய்சனைட்டும் வைரம் மாதிரியே கடத்தும். இரண்டையும் பிரித்துக் காட்ட மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் கருவி வேண்டும். ஆக, அன்றைக்கு அடித்த பீப் பொய் இல்லை. நான் புரிந்துகொண்டதுதான் தப்பு.

விற்றவருக்குப் போன் போட்டேன். மேடமாக இருந்த நான் இப்போது சிஸ்டர் ஆகிவிட்டேன். "கண்காட்சியில வாங்கினதுக்கு ரிட்டர்ன் இல்ல சிஸ்டர். வேற பீஸ் எடுங்க, பாதி விலை கழிச்சுக்கறேன்." வைரம் என்று சொன்னீர்களே என்றால், "பில்லைப் பாருங்க" என்கிறார். பார்த்தேன். அது பில்லே இல்லை, எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி எண் கிடையாது. 'ஃபேன்சி இயர்ரிங் 1 செட்' என்று எழுதியிருக்கிறது. வெள்ளி, வைரம், சென்ட் ஒரு வார்த்தை இல்லை. சர்டிபிகேட் என்று கொடுத்த லேமினேட் அட்டையில் அவர்கள் கடைப் பெயர்தான் இருக்கிறது; எந்த லேப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. வாங்கிய அன்றைக்கு அட்டையின் தங்க நிற ஓரத்தைத்தான் பார்த்திருக்கிறேன்!

925 என்று யார் வேண்டுமானாலும் குத்தலாம். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி ஹால்மார்க்கிலும் ஹெச்யுஐடி வந்திருக்கிறது; எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண், நகைக்கு நகை வேறுபடும். ஹால்மார்க்கை நடத்தும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அதைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். வாங்கினால் அந்த எண் உள்ளதை வாங்குங்கள். வெள்ளி எத்தனை கிராம், கல் எத்தனை சென்ட், இயற்கையா லேபில் வளர்த்ததா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் தோட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பத்தர் அராவியது ஒரு தோட்டை மட்டும்தான், நல்லவேளை. இன்னொன்று அந்த அட்டையோடும் சீட்டோடும் அப்படியே பெட்டியில் இருக்கிறது.