மில்லர் முறையா, வோல்வில் முறையா?

சுரங்கத்திலிருந்து வரும் கச்சாத் தங்கக் கட்டியில் வெள்ளி, செம்பு, ஈயம் எல்லாம் கலந்திருக்கும். அதைச் சுத்திகரிக்க இரண்டு முறைகள் பெயர்பெற்றவை.

1867-இல் ஃபிரான்சிஸ் மில்லர் காப்புரிமை பெற்ற முறையில், உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவைச் செலுத்துவார்கள். மற்ற உலோகங்கள் குளோரைடாகி, ஆவியாகவோ மேலே மிதக்கும் கசடாகவோ பிரியும். சில மணி நேரத்தில் வேலை முடியும். தூய்மை சுமார் 99.5 சதவீதம், லண்டன் சந்தையின் பெரிய கட்டிகளுக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ஆனால் பிளாட்டினம் தங்கத்தோடேயே நின்றுவிடும். குளோரின் நச்சு வாயு என்பதால் காற்றோட்ட ஏற்பாட்டில் துளியும் அலட்சியம் கூடாது.

எமில் வோல்வில் 1874-இல் உருவாக்கிய மின்பகுப்பு முறை, அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைப் பிரிக்கும் முறை, நிதானமானது. பெரும்பாலும் மில்லர் முறையில் வந்த தங்கமே இங்கே நேர்மின்வாய். தங்கக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலில் அது கரைந்து, எதிர்மின்வாயில் 99.99 சதவீதத்துக்கும் மேலான தூய்மையுடன் படியும். வெள்ளி குளோரைடாக அடியில் தங்கும். பிளாட்டினமும் பல்லேடியமும் கரைசலில் சேர்வதால் அவற்றையும் மீட்கலாம். இந்த முறையின் பெரும் பலம் இதுதான் என்பேன். கரைசலுக்குள்ளேயே நிறையத் தங்கம் முடங்கிக் கிடப்பதுதான் சங்கடம்.

கட்டியாக விற்க மில்லர் போதும். மின்னணுச் சில்லுகளுக்கான நுண்கம்பி என்றால் வோல்வில்தான்.